நின்றால் அடிக்கும்

என் முன்பற்களில் ஒன்று என்னுடையது அல்ல, பல் வைத்தியர் வைத்தது. என்னுடையதைக் கழற்றியவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பெயர் சொல்லமாட்டேன். அவர் போய்ச் சேர்ந்து கனகாலம், ஆனால் அவருடைய ஆட்கள் இருக்கிறார்கள். தவிர, இந்தக் கதையில் நானும் குற்றவாளி. என் பெயரை மறைத்துக்கொண்டு அவருடையதைச் சொல்வது நியாயமில்லை.

திருகோணமலைத் துறைமுகத்துப் பட்டறையில் அவர் கொல்லர், நான் இயந்திரம் பொருத்தும் பிட்டர். கப்பலுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிப் போகும் வத்தைப் படகுகள் உடைந்து வந்தால் இரும்பு வேலை முழுவதும் எங்கள் இரண்டு பேர் தலையில். என்னைவிட ஏழு வயது மூத்தவர், அதனால் அண்ணை என்பேன். பாலையூற்றில் எங்கள் வீடுகள் ஒரே ஒழுங்கைத் தெருவில், வேலிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அவர் சைவம், நான் வேதக்காரன், கத்தோலிக்கன். இது பிறகு தேவைப்படும்.

அவரைத் தெரிந்த எவரைக் கேட்டாலும் முதலில் ஒன்றைத்தான் சொல்வார்கள்: மனுசனுக்குக் கோபம் வந்தால் குந்திவிடுவார். எங்கே நிற்கிறாரோ அங்கேயே சம்மணம் கட்டி இருந்து கண்ணை மூடிக்கொள்வார். எண்ணெய் ஊறிய பட்டறைத் தரையானாலும் சரி, சாணி கிடக்கும் ரோட்டானாலும் சரி, வேட்டியைப் பற்றிக் கவலையில்லை.

ஒருநாள் மீன் சந்தைக்கு முன்னால் ஒரு பஸ் சாரதி அவருடைய சைக்கிளை உரசிவிட்டு, அவரையும் அவரைப் பெற்றவளையும் சேர்த்து ஏசினான். இவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து பஸ்ஸுக்கு நேர் முன்னால் நடு ரோட்டில் இருந்துவிட்டார். சாரதி ஹோர்ன் அடித்து அலுத்து, கடைசியில் இறங்கி வந்தான். "ஐயா, வாய் தவறிப் போச்சு. எழும்புங்கோ, சனம் பார்க்குது" என்று கெஞ்சினான். இவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "பொறு தம்பி. இப்பதான் முழங்கைக்கு வந்திருக்கு. இப்ப எழும்பினால் உனக்குத்தான் நட்டம்." சந்தை முழுவதும் சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் மடியில் கிடந்த அவருடைய வலது கை, தூண்டிலில் மாட்டிய மீன் மாதிரித் துடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபின் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தக் கை எனக்குத் தெரியும். எட்டு இறாத்தல் சம்மட்டியை ஒற்றைக் கையால் சுழற்றுகிற கை. அது யாருடையது என்று கேட்டால் அவர் விசித்திரமாகப் பதில் சொல்வார். "என்ரை இல்லை. அப்பற்றை கை. அப்பற்றை கைக்குள்ள ஒரு வெள்ளைக்காரன்ரை கை கிடக்கு. அதுக்கும் உள்ளே ஆற்றை கை எண்டு ஆருக்குத் தெரியும்?"

அவருடைய தகப்பனும் அதே பட்டறையில் அதே உலையில்தான் வேலை செய்தவர், வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில். அப்போது இருந்த மேற்பார்வையாளன் ஒருவன் கப்பல் கயிற்றைக் கடல் தண்ணீரில் நனைத்து எடுத்து அடிப்பானாம். கறுத்த தோலுக்கு உலர்ந்த கயிறு உறைக்காது என்பது அவனுடைய கணக்கு. அடி வாங்கிய நாட்களில் தகப்பன் வீட்டுக்கு வந்ததும் கிணற்றடி வாளிக்குள் ஒரு கயிற்றைப் போடுவார். அந்தக் கயிறு தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டதும் அவரும் தம்பியும் மூத்திரம் போய்விடுவார்களாம். "கறுவல் தோலுக்குக் காயவிட்டு அடிச்சால் உறைக்காதடா" என்று அதே சொல்லைச் சொல்லித்தான் தகப்பனும் அடிப்பார். தன் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்கிற சொல்லா அது?

கல்யாணம் ஆனபின் இவரும் அதையேதான் செய்தார். கயிறு இல்லை, வெறும் கை. வேலிக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்கும். என் மனுசி காதைப் பொத்திக்கொண்டு செபமாலை எடுப்பாள். நான் ரேடியோவைக் கூட்டி வைப்பேன். அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிடக் கூடாது என்று அப்போது நாங்கள் எல்லோரும் நல்ல பிள்ளைகளாக இருந்தோம்.

பிறகு ஐம்பத்தெட்டாம் ஆண்டு இனக்கலவரம் வந்தது. அவருடைய தம்பி உள்நாட்டில் ஒரு பண்ணையில் வேலை செய்தவன். கலவரத்தில் சிங்களவர் அவனைக் கரும்புத் தோட்டத்துக்குள் துரத்தி வெட்டிப்போட்டார்கள் என்று செய்தி வந்தது. உடல்கூட வரவில்லை. அன்று பின்னேரம் அவர் சம்மட்டிப் பிடி ஒன்றை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார். "வாடா" என்றார். நான் போனேன்.

இறக்கக்கண்டிக்குப் போகும் மணல் ரோட்டில் ஒரு ஆள் தனியே நடந்து வந்தான். சாரமும் பெனியனும், தோளில் ஒரு சாக்கு. இவர் மறித்துச் சிங்களத்தில் கேட்டார், எங்கே போகிறாய் என்று. ஆளைச் சோதிக்கத்தான் அப்படிக் கேட்டது. அந்த ஆள் நல்ல சுத்தமான சிங்களத்தில், கும்பிட்டுக்கொண்டு பதில் சொன்னான். அவ்வளவும் போதுமாக இருந்தது. நான் இரண்டு சைக்கிளையும் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது காதோடு. அவன் மணலில் விழுந்து, "ஐயோ அம்மா! அந்தோனியாரே, என்னைக் காப்பாத்தும்!" என்று கத்தினான். தமிழில் கத்தினான்.

நீர்கொழும்புப் பக்கத்து மீனவன். பருவத்துக்குக் கரைவலை இழுக்க எங்கள் கரைக்கு வந்து வாடி போட்டிருப்பவர்களில் ஒருவன். அவர்களுக்கு வீட்டில் தமிழ், வெளியில் சிங்களம், கோயிலில் எங்களைப்போல அந்தோனியார். இவர் சிங்களத்தில் மறித்ததும், வெட்ட வந்த சிங்களக் கும்பல்தான் இது என்று பயந்து, உயிர் தப்பச் சிங்களத்தில் பதில் சொல்லியிருக்கிறான். பெனியனுக்குள்ளிருந்து அந்தோனியார் பதக்கம் வெளியே வந்து கழுத்தில் தொங்கியது. என் கழுத்திலும் அதே பதக்கம்தான்.

அவன் தமிழில் கத்தியது எனக்குக் கேட்டது. இவருக்கும் கேட்டது. கேட்டபிறகும் மூன்று தரம் அடித்தார்.

மறுநாள் ரோட்டோரப் பற்றைக்குள் அவனைக் கண்டெடுத்து, கலவரத்தில் செத்தவன் என்று புதைத்தார்கள். யாரும் எங்களைக் கேட்கவில்லை. அந்த வாரம்தான் அவருக்கு மகன் பிறந்தான். மூன்று மாதம் போனபின் பட்டறையில் ஒருநாள், ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்து நான் வாயைத் திறந்தேன். "அண்ணை, அது சிங்களவன் எண்டே வச்சுக்கொள்ளுவம். அப்பிடி நினைச்சால் மனம் ஆறும்" என்றேன். அப்போதுதான் பல் போனது.

அவர் மாறியதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை, ஒரு கேற்றுக் கதவின் பிணைச்சல், கீல்தான். துறைமுகத்துப் பக்கம் ஒரு சின்னப் பன்சலை, சிங்களவரின் புத்த கோயில், இருந்தது, ஒரே ஒரு வயசான பிக்குவோடு. கலவரத்தில் எங்கள் பெடியள் அதன் இரும்புக் கேற்றை உடைத்துப்போட்டார்கள். திருத்தப் பட்டறையிலிருந்து இவரை அனுப்பினார்கள். வேண்டாவெறுப்பாகப் போனவர் பிணைச்சலை அடிக்கும்போது தன் பெருவிரலையே அடித்துவிட்டார். வந்த ஆத்திரத்தில் சம்மட்டியை எறிய, அது பூசைக்குப் பூ வைக்கும் கல்லை இரண்டாகப் பிளந்தது. அடுத்ததாக அடிக்க அந்தப் பிக்குவைத்தான் பார்த்தாராம். பிக்கு ஓடவும் இல்லை, உபதேசமும் செய்யவில்லை. இவருடைய வலது கையைக் காட்டி, அரைகுறைத் தமிழில், "நிண்டால் அடிக்கும். இரு" என்றார். இவர் அங்கேயே தரையில் குந்தி இருந்துவிட்டார். நாலு மணித்தியாலம் கழித்துத்தான் பட்டறைக்கு வந்தார். "அங்க என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டேன். "கையைப் பார்த்துக்கொண்டு இருந்தனான்" என்றார்.

அதன்பின் கிழமைக்கு இரண்டு தரம் போவார். மூச்சைப் பார்ப்பது, கோபம் வந்தால் அது உடம்பில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்ப்பது, இவ்வளவுதான். நெஞ்சில் தொடங்கித் தோளுக்கு வரும், முழங்கைக்கு வரும், விரலுக்கு வந்தால் ஆபத்து, விரலுக்கு வருமுன் இருந்துவிட வேண்டும் என்பார். பிறகு நல்லாயிரு என்று வாழ்த்துகிற தியானம் ஒன்று. முதலில் தன்னை, அப்புறம் வீட்டாரை, அப்புறம் முன்பின் தெரியாதவனை, கடைசியில் எதிரியை. தம்பியை வெட்டியவர்களை வாழ்த்த அவருக்கு இரண்டு வருஷம் பிடித்தது. "அதுகூடச் சரிவந்திட்டுது. அப்பா வரேக்கை நிண்டு போகுது. வாளிச் சத்தம் கேட்குது" என்று ஒருநாள் உலையடியில் சொல்லிவிட்டு அழுதார். அவ்வளவு பெரிய மனுசன் அழ, நான் துருத்தியை ஊதினேன்.

ஊரில் கேலிக்குக் குறைவில்லை. தமிழனைக் கொல்லுகிறவன்ரை சாமியை ஏன்ரா கும்பிடுகிறாய் என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். "நான் ஆரையும் கும்பிடப் போகேல்லை. அடிக்காமல் இருக்கப் போறன்" என்பார். வருஷத்துக்கு ஒருமுறை பன்சலையில் தானம் கொடுப்பார். செத்தவர்களுக்குப் புண்ணியம் போய்ச் சேரட்டும் என்று செம்பிலிருந்து கிண்ணத்துக்குத் தண்ணீர் வார்க்கிற வழக்கம் அங்கே உண்டு, கிண்ணம் நிரம்பி வழிய வேண்டும். ஒரு தரம் நானும் கூடப் போனேன். தகப்பனுக்கு என்று வார்த்தார், தம்பிக்கு என்று வார்த்தார், நீர்கொழும்பானுக்கு என்று வார்த்தார். கடைசியில் அந்த வெள்ளைக்காரனுக்கும் வார்த்தார். எனக்குக் கோபம் வந்தது. "அவனுக்கு என்னத்துக்கு அண்ணை?" என்றேன். "அவனையும் ஆரோ நனைச்சு அடிச்சிருப்பான்" என்றார்.

ஆனால் அவரை ஒரு முனிவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். மகனுக்கு ஆறு வயதாக இருந்தபோது, உலைக்குப் பக்கத்தில் விளையாடாதே என்று சொன்னதைக் கேட்காமல் காய்ச்சிய இரும்பில் கை வைக்கப் போனான். இவர் குந்தி இருப்பதற்கு முன் இவருடைய கை போய்விட்டது. அந்த ஒரு அறையோடு பெடியனுக்கு இடது காது செவிடு. இவர் மூன்று நாள் சாப்பிடவில்லை. சாப்பிடாமல் விட்டால் காது திரும்பி வருமா? வரவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கை யார்மேலும் விழவில்லை. அவர் மனுசி ஒருநாள் என் மனுசியிடம், "பத்து வருசமா ஒத்தடத்துக்குத் தண்ணி சுடவைக்கேல்லையடி" என்று சொன்னாள். ஆனால் மகன் அந்தக் காதை மறக்கவில்லை. நீர்கொழும்பான் கதை அவனுக்குத் தெரியாது. அவர் சொல்லவும் இல்லை, நானும் சொல்லவில்லை. நான் வருஷா வருஷம் பாஸ்குத் திருநாளுக்கு முன் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பொய் சொன்னேன், குடித்தேன் என்று சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு வருவேன்.

எழுபத்தேழில் மறுபடியும் கலவரம். மகனுக்குப் பத்தொன்பது வயது. சந்தியில் ஒரு சிங்களக் கும்பல் அவனைப் பிடித்து முழங்காலில் இருத்தி மூக்கை உடைத்து அனுப்பியது. பின்னேரம் நாலு மணி போல, சட்டையெல்லாம் இரத்தத்தோடு வீட்டுக்கு வந்தான். நான் அப்போது அவர்கள் வீட்டு விறாந்தையில் நின்றேன். ஒழுங்கையில் அவனுடைய சிநேகிதர் நாலைந்து பேர் கத்தி, பொல்லுகளோடு. இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்த சிங்களப் பாண்காரனிடம் போகப்போகிறார்கள். அந்த மனுசன் எங்கள் எல்லோருக்கும் காலையில் சைக்கிளில் பாண் ரொட்டி கொண்டுவருபவன். மகன் முற்றத்தில் கிடந்த இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு, முகம் கழுவ உள்ளே போய்த் திரும்பி வருவதற்குள் இவர் வாசற்படியில் குறுக்கே இருந்துவிட்டார்.

"அப்பா, எழும்புங்கோ."

"நீ இரு. இருந்திட்டுப் பிறகு போ."

"எழும்புங்கோ எண்டுறன். உங்களை மாதிரி அவங்களின்ரை சாமிக்குத் தண்ணி வார்த்துக்கொண்டு இருக்க என்னாலை ஏலாது."

"நிண்டால் அடிக்கும் மேனை. உன்ரை பிழை இல்லை அது. எனக்குத் தெரியும்."

"உனக்கு என்ன தெரியும்? என்ரை காதை அடிச்சு உடைக்கத்தான் உனக்குத் தெரியும்!"

பிறந்ததிலிருந்து நீங்கள் என்று பேசிய பிள்ளை நீ என்றான். அதோடு கம்பியை ஓங்கினான். அவருடைய வலது முன்கையில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. தோலைக் குத்திக்கொண்டு வெள்ளையாக வெளியே வந்தது. நான் பாயப்போனேன். "தொடாதை, விடு" என்றார் என்னை. கண்ணை மூடிக்கொண்டு, "தோளுக்கு வந்திட்டுது... முழங்கைக்கு வந்திட்டுது..." என்று முணுமுணுத்தார். முறிந்த கையில்கூடக் கோபம் இறங்கிவந்துகொண்டிருந்தது. பிறகு கண்ணைத் திறந்து மகனிடம் எல்லாவற்றையும் சொன்னார். ரோடு, சாக்கு, சிங்களத்தில் கேட்ட கேள்வி, அந்தோனியார். "நான் ஒரு தமிழனை அடிச்சே சாகடிச்சனான். மாமாவைக் கேள். அவர் பக்கத்தில நிண்டவர்."

மகன் என்னைப் பார்த்தான். "உண்மையோ மாமா?"

வெளியே பெடியள் நிற்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் என் மனுசி நிற்கிறாள். பத்தொன்பது வருஷமாக நான் கட்டிக்காத்த நல்ல பெயர் அங்கே நின்றது. "எனக்கு ஒண்டும் தெரியாது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். மகன் தகப்பனைக் கடந்து, அவருடைய மடிக்கு மேலால் காலை வைத்துப் போனான். அவன் கேற்றைத் திறந்தபோது எனக்குள் ஏதோ அறுந்துபோனது. ஒழுங்கைக்கு ஓடிப்போய்ச் சனம் முழுக்கக் கேட்கக் கத்தினேன்: "நிண்டனான்! நான் சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்! அவன் தமிழன். அந்தோனியாரைக் கூப்பிட்டவன்!" வேலியில் நின்ற என் மனுசி வாயைப் பொத்திக்கொண்டாள். பெடியன் ஒருவன், "இந்தாளுக்கு விசர்" என்று என்னை மதகோடு தள்ளிவிட்டான்.

மகன் நின்றான். கேட்கிற காதை என் பக்கம் திருப்பினான்.

"அவன் தமிழில கத்தினது அப்பாவுக்குக் கேட்டதோ?"

"கேட்டது."

"பிறகு?"

"அதுக்குப் பிறகும் மூண்டு அடி அடிச்சவர். கை நிக்கேல்லை."

அவன் கம்பியையும் பார்த்தான், வீட்டு வாசலையும் பார்த்தான். சிநேகிதர் கூப்பிட்டார்கள். கோழை என்றார்கள். அவன் கம்பியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினான். அவர்கள் அவன் இல்லாமலே போனார்கள்.

நானும் அவனும் அவரைக் கைவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அன்று அங்கே கட்டில் எல்லாம் நிரம்பி, விறாந்தையிலும் பாய் விரித்திருந்தார்கள். தாதிமார் ஓடித்திரிந்தார்கள். அவருடைய கைக்கு மட்டை கட்டிப் பாயில் படுக்கவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் இன்னொருவரைக் கொண்டுவந்து அடுத்த பாயில் போட்டார்கள். பாண்காரன். தோளில் ஆழமான வெட்டு, கட்டு நனைந்து சிவந்திருந்தது. எங்கள் ஒழுங்கைப் பெடியளின் வேலை. மகன் எழுந்து சுவரோடு போய் நின்றான்.

அந்த மனுசன் நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டிருந்தான். இவர் படுத்தபடியே கோப்பையைக் காட்டி, "தண்ணி குடு" என்றார். மகன் அசையவில்லை. அவனுடைய மூக்கிலிருந்து இன்னும் இரத்தம் கசிந்தது. அவனை அடித்ததும் இவனுடைய இனம்தானே என்று அவன் நினைத்திருப்பான். நானும் அப்படித்தான் நினைத்தேன். "குடுக்கட்டோ?" என்று தாதியைக் கேட்டேன். கொஞ்சம் கொடுக்கலாம் என்று தலையாட்டிவிட்டுப் போனாள். இவர் மகனைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

மகன் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் குனிந்தான். இரத்தம் படிந்த சட்டையோடு ஒரு தமிழ்ப் பெடியன் மேலே குனிவதைக் கண்டதும் பாண்காரன் வெட்டுப்படாத கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான். மகன் கோப்பையோடு அப்படியே நின்றான். சிங்களம் ஒரு சொல்லும் பேசமாட்டேன் என்று பள்ளிக்கூடத்திலேயே சத்தியம் செய்தவன் அவன். திரும்பித் தகப்பனைப் பார்த்தான்.

"அப்பா, பயப்படாதை எண்டு சிங்களத்தில என்னெண்டு சொல்லுறது?"

அவர் சொல்லிக்கொடுத்தார். மகன் பாயருகே சம்மணம் கட்டி இருந்து, எழுத்துக்கூட்டி வாசிப்பவன் போல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

"பய... வென்ன... எப்பா."

பாண்காரன் முகத்திலிருந்து கையை எடுத்தான்.